யாரோடு ஒப்பிட்டு வேகம்? – பல்லளவுச் சமன்பாடுகளும் நரம்பு வலையமைப்புகளும்

2020 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் கல்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவொன்று ‘ஃபூரியர் நரம்புச் செயலி’ என்ற முறையை முன்வைத்தது. நீரும் காற்றும் ஓடுவதை விபரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை 256க்கு 256 கட்டங்கள் கொண்ட வலையில் தீர்க்க, வழமையான முறைக்கு 2.2 விநாடி பிடித்தது. அவர்கள் பயிற்றிய நரம்பு வலையமைப்புக்கு 0.005 விநாடி போதுமாக இருந்தது. கட்டுரையின் சுருக்கமோ, ஆயிரம் மடங்கு வரை வேகம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு இந்த ‘மடங்குக் கணக்கு’ ஒரு வழக்கமாகிவிட்டது. நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல். இப்போது உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள்கூட, “சேர், இனிச் சமன்பாடெல்லாம் ஏஐ தீர்த்துடுமாமே, நாங்க ஏன் இதப் படிக்கணும்?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கு முன்பு, அந்த மடங்குக் கணக்கில் வகுக்கும் எண் எது, வகுபடும் எண் எது என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் ‘பல்லளவு’ என்றால் என்ன? ஒரே சமன்பாட்டுக்குள் மிகச் சிறியதும் மிகப் பெரியதும், மிக வேகமானதும் மிக மெதுவானதும் ஒன்றாகக் குடியிருப்பது. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். முகிலிலுள்ள நீர்த்துளி மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவினது. முகிலோ சில கிலோமீற்றர். அந்த முகிலைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர். துளிக்குச் சரியாகக் கணக்குப் பார்த்தால் பருவக்காற்றுக்கு ஆயுள் போதாது. பருவக்காற்றை மட்டும் பார்த்தால் மழை எங்கே பெய்யும் என்பது தெரியாது.

நேரத்திலும் இதே சிக்கல்தான். 1966இல் ரொபர்ட்சன் என்பவர் எழுதிய ஓர் இரசாயனத் தாக்கக் கணக்கு இன்றைக்கும் சோதனைக் கல்லாகப் பயன்படுகிறது. மூன்றே மூன்று பொருட்கள், மூன்றே மூன்று தாக்கங்கள். ஆனால் தாக்க வீத எண்களைப் பாருங்கள்: 0.04, 10,000, 30,000,000. சிறியதற்கும் பெரியதற்கும் இடையில் 75 கோடி மடங்கு வித்தியாசம். வேகமான தாக்கம் கண்மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் அது சும்மா இருப்பதில்லை. நேர்முகமான எளிய முறையில் சற்றுப் பெரிய படி எடுத்து வைத்தீர்களோ, கணக்கு அப்படியே வெடித்து முடிவிலிக்கு ஓடிவிடும். அதனால் ஒன்றுமே நடக்காத நேரத்திலும் எறும்பு நடை நடக்கவேண்டும். இப்படிப்பட்ட சமன்பாடுகளை ‘விறைப்பானவை’ என்று 1952இல் கேர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இருவர் இனம்காட்டினார்கள். வழியும் காட்டினார்கள். முன்னே இருக்கும் விடையைத் தெரியாக் கணியமாக வைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டு போவது அந்த வழி. 1971இல் கியர் அதை ஒழுங்கான கணினி நிரலாக்கினார். இன்று சாதாரண மடிக்கணினி ஒன்று ரொபர்ட்சன் கணக்கை ஒரு விநாடிக்குள் முடித்துவிடும். இந்த விடயத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

நரம்பு வலையமைப்பு இங்கே என்ன செய்கிறது? அதற்குச் சமன்பாடு ‘விளங்குவதில்லை’. உள்ளீடு இது, விடை இது என்று இலட்சக்கணக்கான உதாரணங்களைக் காட்டுகிறோம். விடை பொருந்தும்வரை தன்னிடமுள்ள எண்களைத் திருத்திக்கொள்கிறது. பயிற்சி முடிந்தபின் புதிய உள்ளீடு வந்தால் பெருக்கல், கூட்டலோடு விடை தயார். கடினமான வேலை முன்கூட்டியே செய்யப்பட்டுவிட்டது.

இது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி அல்ல. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையும் இதே வேலையைத்தான் செய்கிறது. சூரியனின் சாய்வு, இடத்தின் அகலாங்கு, அடிவானத்துக்குக் கீழான கோணம் என்று ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டார். பிறகு முஅத்தினார் தினமும் கோணவியல் பார்க்கவேண்டியதில்லை, சுவரைப் பார்த்தால் போதும். கொழும்புக்குப் போட்ட அட்டவணையை மட்டக்களப்பில் வைத்துக்கொண்டு ஏழு நிமிடமளவில் முன்தள்ளினால் காரியம் நடக்கும். அதே அட்டவணையை ஒருவர் பெட்டியில் போட்டுக்கொண்டு ஜூன் மாதத்தில் ஒஸ்லோ நகருக்குப் போனால்? அங்கே அந்த மாதத்தில் முழு இருளே வருவதில்லை. ஆனால் அட்டவணை வாய்திறந்து “நான் இந்த ஊருக்கு இல்லை” என்று சொல்லாது. வழமைபோல இஷாவுக்கு ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

வானியல் அட்டவணைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஸமர்கந்தில் உலுக் பேக்கின் ‘ஸீஜ்’ தயாரானபோது, ஒவ்வொரு கலைக்கும் சைன் பெறுமானம் கணித்து வைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய அல்-காஷி, ஒரு பாகையின் சைனைப் பெறுவதற்கு ஒரு கனச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பச் செப்பமாக்கித் தீர்த்தார். சிலர் பட்ட பாட்டில் பல தலைமுறை சுகமாகப் பார்த்துக்கொண்டது. (‘எல்லாவற்றையும் எங்கட ஆட்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று கதைப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கதை நமக்குச் செய்த நன்மையைவிடக் கெடுதிதான் அதிகம்.) ஆனால் நரம்பு வலையமைப்பை ஒரு பிரமாண்டமான ஸீஜ் என்று பார்த்தால், அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெளிவாகிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள கட்டுரை, ராஸ்ப், பிரிச்சர்ட், ஜென்டீன் ஆகிய மூவரும் 2018இல் எழுதியது. காலநிலை மாதிரியுருக்கள் பூமியைப் பெட்டிகளாகப் பிரிக்கின்றன. அவர்கள் பயன்படுத்திய மாதிரியுருவில் ஒரு பெட்டியின் பக்கம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பரப்பளவில் அது நமது தீவு முழுவதையும்விடப் பெரியது. வட்டவளைப் பக்கத்து மழையும் மன்னார் மழையும் அங்கே ஒரே எண். பெட்டிக்குள் நடக்கும் மேற்காவுகையைக் கணிக்க, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 4 கிலோமீற்றர் அகலமான எட்டு நிரல்கள் கொண்ட குட்டி முகில் மாதிரியுரு ஒன்றைச் செருகும் முறை ஏற்கனவே இருந்தது. நல்ல முறை, ஆனால் செலவு அதிகம். அந்த மூவரும் அந்தக் குட்டி மாதிரியுருவை ஓராண்டு ஓடவிட்டு, 14 கோடி உதாரணங்களை எடுத்து, ஒன்பது அடுக்குகளும் சுமார் ஐந்து இலட்சம் எண்களும் கொண்ட வலையமைப்பைப் பயிற்றினார்கள். பிறகு குட்டி மாதிரியுருவைக் கழற்றிவிட்டு வலையமைப்பைப் பூட்டினார்கள். ஐந்து ஆண்டுக் காலநிலை உறுதியாக ஓடியது. வேகம் சுமார் 20 மடங்கு.

ஆயிரம் மடங்கு இல்லை, 20 மடங்குதான். ஆனாலும் இந்த 20இல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஏனென்றால் எதைக் கழற்றினார்கள், எதைப் பூட்டினார்கள் என்பது தெளிவு. இரண்டும் அதே பெரிய மாதிரியுருவுக்குள் அதே வேலையைச் செய்தன. அதைவிட முக்கியம், தோற்ற இடத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். கடல் வெப்பநிலையை 4 பாகை கூட்டியதும், பழைய காலநிலையில் மட்டும் பயின்ற வலையமைப்பு தடுமாறிவிட்டது. இரண்டு காலநிலைகளையும் காட்டிப் பயிற்றியபோது இடைப்பட்டவற்றைச் சமாளித்தது. கொழும்பு அட்டவணையும் ஒஸ்லோவும்தான். இன்னொன்று, அவர்களுடைய பூமி நிலமே இல்லாத, முழுக்கக் கடலாலான ஒரு கற்பனைப் பூமி. அங்கே இமயமும் இல்லை, பிதுருதலாகலையும் இல்லை.

அதே காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரெனோவிட்ஸும் பிரெதர்ட்டனும் செய்த வேலை இன்னும் கூடுதலாக யோசிக்கவைக்கிறது. அவர்களுடைய வலையமைப்பும் தனியாகச் சோதிக்கும்போது நல்ல விடை தந்தது. பெரிய மாதிரியுருவோடு பூட்டியதும் கணக்கு குழம்பியது. தேடிப் பார்த்தால், மேல் வளிமண்டலத்தின் ஈரப்பதனுக்கும் மேற்காவுகைக்கும் உள்ள தொடர்பை வலையமைப்பு தலைகீழாகப் பிடித்துக்கொண்டதாகத் தெரிந்தது. மேற்காவுகை நடந்தால் மேலே ஈரம் ஏறும், அது விளைவு. வலையமைப்போ அந்த ஈரத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டது. தெரு நனைந்திருந்தால் மழை வரும் என்று நம்புவதைப் போல. பயிற்சித் தரவில் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதால் விடை சரியாகவே வரும். தானே தன் விடையைத் தின்று அடுத்த படிக்குப் போகவேண்டிய வேளையில் சின்னப் பிழை ஊதிப் பெருக்கும். ஈற்றில், மேல் வளிமண்டலத்தின் ஈரப்பதனையும் வெப்பநிலையையும் உள்ளீட்டிலிருந்தே நீக்கித்தான் அதை அடக்கினார்கள். அந்த முடிவை எடுத்தது வலையமைப்பு அல்ல, முகில் எப்படி உருவாகிறது என்று தெரிந்த மனிதர்கள்.

விடை பொருந்துவது வேறு, கோட்பாட்டுக்கு விசுவாசமாக இருப்பது வேறு என்ற இந்தப் பிரச்சினை விஞ்ஞானத்தில் பழையது. பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் ‘அஷ்-ஷுகூக் அலா பத்லமியூஸ்’ என்ற நூலில் தொலமியோடு வாதாடியதும் இதைப் பற்றித்தான். கோள்கள் சீரான வட்ட இயக்கம் உடையவை என்று தொலமி விதி வைத்தார். பிறகு கணக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக, மையமல்லாத இன்னொரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான் சீராகத் தெரியும் இயக்கத்தை உள்ளே கொண்டுவந்தார். கோள் எங்கே நிற்கும் என்று ஓரளவு சரியாகவே வந்தது. இப்னுல் ஹைதமுக்கு அது போதவில்லை. நீங்கள் வைத்த விதியை நீங்களே மீறுகிறீர்களே என்பது அவருடைய ஆட்சேபம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மராகாவின் நஸீருத்தீன் தூஸியும், பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னுஷ் ஷாதிரும் அந்த ஆட்சேபத்துக்கு வேலையால் பதில் சொன்னார்கள். விதியையும் மீறாத, கணிப்பையும் கைவிடாத மாதிரியுருக்களைக் கட்டினார்கள்.

இன்றைய நரம்பு வலையமைப்பிடம் கேட்கவேண்டிய விதி, சக்திக் காப்பு. உள்ளே போன சக்தியும் வெளியே வந்த சக்தியும் சமமா? 2018ஆம் ஆண்டு வலையமைப்பில் அது ஏறத்தாழச் சமம். நூறாண்டுக் காலநிலைக்கு ‘ஏறத்தாழ’ போதாது. 2021இல் பொய்க்ளரும் அவருடைய சகபாடிகளும் வேறு வழி எடுத்தார்கள். எல்லா விடைகளையும் வலையமைப்பிடம் விடாமல், சிலவற்றைக் காப்பு விதியிலிருந்தே நேராகக் கணித்தெடுக்கும்படி அமைப்பையே மாற்றினார்கள். 2024இல் இன்னொரு படி. காற்றிலுள்ள நீராவியின் அளவை நேரடியாகக் கொடுக்காமல், சார் ஈரப்பதனாக மாற்றிக் கொடுத்தால், குளிரான காலநிலையில் பயின்ற வலையமைப்பு சூடான காலநிலையிலும் ஓரளவு கைகொடுக்கிறது என்று காட்டினார்கள். வெப்பம் கூடும்போது நீராவியின் அளவு பழைய எல்லையைத் தாண்டும், சார் ஈரப்பதன் அப்படித் தாண்டுவதில்லை. இது பாடசாலைப் பௌதிகம். தரவைக் கோடிக்கணக்கில் கூட்டுவதைவிட இந்தச் சின்ன மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது ரொபர்ட்சனிடம் திரும்பி வருவோம். சமன்பாட்டையே வலையமைப்பின் பயிற்சிக்குள் புகுத்தும் முறை ஒன்று 2019இல் ரைசி, பெர்டிகாரிஸ், கார்னியடாகிஸ் மூவரின் கட்டுரையோடு பிரபலமானது. 2021இல் வேறொரு குழு அந்த முறையை ரொபர்ட்சன் கணக்கில் சோதித்தது. வலையமைப்பு தோற்றது. பிறகு எப்படி வென்றது? இரசாயனவியலாளர்கள் ஒரு நூற்றாண்டாகக் கையாளும் ‘நிலையான நிலை அண்ணளவாக்கம்’ மூலம் வேகமான பொருளைக் கணக்கிலிருந்து முதலில் நீக்கினார்கள். விறைப்பு தணிந்தது, வலையமைப்பு பயின்றது. கட்டுரை நேர்மையானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல்லளவு என்ற கஷ்டத்தை அங்கே தீர்த்தது பழைய கை. தோல்விக்கு ஓர் உள்ளார்ந்த காரணமும் இருக்கிறது. நரம்பு வலையமைப்புகள் மெதுவாக மாறும் வடிவங்களை முதலிலும், நுண்ணிய துடிப்புகளைக் கடைசியிலும் பயில்கின்றன. இதை 2019இல் ரஹமானும் சகபாடிகளும் தெளிவாகக் காட்டினார்கள். பல்லளவுச் சமன்பாட்டின் உயிரே அந்த நுண்ணிய துடிப்பில்தானே இருக்கிறது.

சரி, வேகம்? 2024இல் மெக்கிரீவி, ஹக்கீம் என்ற இருவர் ‘நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்’ சஞ்சிகையில், பாய்பொருள் சார்ந்த சமன்பாடுகளில் வழமையான முறையை வென்றதாகக் கூறும் 76 கட்டுரைகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 60, அதாவது 79 வீதம், பலவீனமான போட்டியாளரோடு ஒப்பிட்டிருந்தன. அவர்கள் வைத்த அளவுகோல் இரண்டே. ஒன்று, ஒரே துல்லியத்தில் அல்லது ஒரே நேரச் செலவில் ஒப்பிடவேண்டும். மற்றது, அந்தக் கணக்குக்கு இருக்கும் திறமையான முறையோடு ஒப்பிடவேண்டும். முதலாவது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு நாமே ஒரு கணக்குப் போடலாம். இருபரிமாண ஓட்டமொன்றில் கட்டத்தின் அளவை இரட்டிப்பாக்கினால் கட்டங்கள் நான்கில் ஒன்றாகும், நேரப் படியும் இரட்டிப்பாகலாம். வேலை எட்டில் ஒன்று. இரண்டு தடவை செய்தால் 64இல் ஒன்று. வலையமைப்பின் விடையில் ஒரு வீதப் பிழை இருக்கும்போது, ஒரு வீதத்துக்கும் மிகக் குறைந்த பிழையோடு ஓடும் நுண்ணிய கட்டக் கணக்கைப் பக்கத்தில் நிறுத்தினால், வென்ற மடங்கில் 64 பங்கு சும்மா வந்த இலாபம். ரொபர்ட்சன் கணக்கில் எறும்பு நடை முறையைப் போட்டியாளராக்கிவிட்டு, 1971இலிருந்து இருக்கும் கியரின் முறையை மறந்துவிட்டால் எத்தனை ஆயிரம் மடங்கும் காட்டலாம்.

அந்த இருவரின் ஆய்வையும் அளவோடுதான் எடுக்கவேண்டும். அவர்கள் பார்த்தது ஒரு வகைச் சமன்பாடுகளை மட்டும். வலையமைப்பு பயனற்றது என்று அவர்கள் சொல்லவுமில்லை. தோற்ற பரிசோதனைகள் அச்சுக்கு வருவதில்லை என்பதற்கான தடயங்களையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வாசகராகிய எங்களுக்கு அதுதான் கூடுதல் கவலை. ஏனென்றால் நாம் எண்ணிப் பார்ப்பது அச்சானவற்றை மட்டும்.

அடக்கமான நல்ல வேலைகளும் உண்டு. லியூ, குட்ஸ், பிரண்டன் மூவரும் ஒரே வலையமைப்பிடம் எல்லாவற்றையும் கேட்காமல், வெவ்வேறு நேரப் படிக்கு வெவ்வேறு வலையமைப்புகளைப் பயிற்றினார்கள். நீண்ட படி வைப்பது முதலில் பாய்ந்து போகும், நடுத்தரமானது இடையை நிரப்பும், குறும்படி கடைசி இடுக்குகளைப் பார்க்கும். எறும்பு நடையில் சேரும் பிழையும் குறைகிறது. பழைய தீர்ப்பு முறை ஒன்றைக் குறும்படிக்குச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். பல்லளவுப் பிரச்சினையை அதன் அளவுகளாலேயே பிரித்து அணுகுவதால், அவர்களுடைய வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உள்வீட்டுச் சண்டை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். சுப்பர் கணினி வாங்க வசதியில்லாத நாடுகளுக்குத்தான் இந்த வேகம் மற்றவர்களைவிட அதிகம் தேவை. கூகுள் ஆய்வாளர்கள் ஐரோப்பிய நடுத்தர வானிலை மையத்தினரோடு சேர்ந்து 2024இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ‘நியூரல் ஜீசிஎம்’ இதற்கு நல்ல உதாரணம். காற்றின் பெரிய ஓட்டத்தைச் சமன்பாட்டாலும், பெட்டிக்குள் நடப்பதை வலையமைப்பாலும் கணிக்கும் கலப்பு முறை அது. 13,824 கணிப்பு அலகுகளில் ஓடும் ‘எக்ஸ்-ஷீல்ட்’ மாதிரியுரு 19 நாட்களைக் கணிக்கும் நேரத்தில், இது ஒரே ஒரு செயலியில் 70,000 நாட்களைக் கணிக்கிறது. 3500 மடங்குக்கு மேல். ஒலுவிலிலோ பேராதனையிலோ ஓர் அறைக்குள் வைத்துச் செய்யக்கூடிய வேலை. மகிழ்ச்சியான செய்திதான்.

ஆனால் எக்ஸ்-ஷீல்டின் கட்டம் ஏறத்தாழ 3 கிலோமீற்றர், அந்த ஒப்பீட்டில் ஓடிய நியூரல் ஜீசிஎம்மின் கட்டம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். உலகச் சராசரி வெப்பநிலை, மொத்த நீராவி என்று பார்ப்பவருக்கு அந்த ஒப்பீடு நியாயமாக இருக்கலாம். 65,610 சதுர கிலோமீற்றர் இலங்கையை இரண்டாலும் பிரித்துப் பாருங்கள். ஒன்றில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள், மற்றதில் மூன்று, நான்கு. மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்யும் தோட்டத்துக்கும், 1000 மில்லிமீற்றரளவில் சமாளிக்கும் மன்னார் வயலுக்கும் நடுவே எங்கே கோடு விழுகிறது என்று அந்த நான்கு கட்டங்கள் சொல்லாது. லயன் வீட்டுக்கு மேலே மண் சரியுமா என்ற கேள்விக்கு 3500 மடங்கு வேகத்தில் பதில் கிடைக்காது.

இன்னும் ஒன்று. கணிசமாக வேறுபட்ட எதிர்காலக் காலநிலைகளுக்கு அந்த மாதிரியுரு நீட்சி பெறாது என்று அதன் ஆசிரியர்களே சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அது பயின்ற வானிலைத் தரவு 1979இலிருந்து தொடங்குகிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி அதற்குள் இல்லை. இங்கே யாராவது ஒரு மாணவர் அந்த மாதிரியுருவைத் தரவிறக்கி, அந்த நவம்பரின் ஆரம்ப நிலையைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கலாம். பழைய முறையொன்றையும் அதே கட்ட அளவில் பக்கத்தில் ஓடவிடவேண்டும். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை அந்த இரவைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடையைச் சரிபார்க்க ஆளில்லாமல் போகாது.